காத்தாடி கம்பெனில சம்மர் இன்டர்ன்ஷிப்பா? முதல் வார ட்ரெயினிங்க தாக்குப்பிடிக்கிறது எப்படி

மே மாசம் செமஸ்டர் முடிஞ்சதும் நம்ம நாகர்கோவில், தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கத்து மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிள்ளைகள் நிறைய பேரு தேடுறது காத்தாடி கம்பெனி, அதான் காத்துல கரண்ட் எடுக்கிற காற்றாலை கம்பெனி, இன்டர்ன்ஷிப்தான். வீட்ல இருந்து பஸ்ல போய் வர்ற தூரத்துல காத்தாடி நிறைஞ்ச முப்பந்தல் இருக்கும்போது எதுக்கு சென்னைக்குப் போய் ஹாஸ்டல் ரூமுக்கு காசு கட்டணும்னு ஒரு கணக்கு, தப்பில்ல, நல்ல கணக்குதான். நான் அங்க ஒரு சைட்ல இன்ஜினியரா இருக்கேன், புதுசா வர்ற பிள்ளைகள முதல் வாரம் பாத்துக்கிற வேலை எப்பவும் என் தலைல வந்து விழும், அவங்க கேக்குற கேள்வியும் வருஷா வருஷம் அதே கேள்விதான், "அண்ணே எப்ப மேல ஏத்துவீங்க?" அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிடுறேன், வர்றதுக்கு முன்னாடி படிச்சிட்டு வாங்க மக்களே, எனக்கும் தொண்டை கொஞ்சம் மிச்சம் ஆகும்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், அந்த முதல் வாரம் ஏன் அவ்வளவு நெருக்கடியா இருக்குன்னு. காத்து சீசன்தான் காரணம். தென்மேற்கு பருவமழை கேரளாவுல இறங்குறது வழக்கமா ஜூன் 1 கணக்கு, ஆனா ஆரல்வாய்மொழி கணவாய்ல மே கடைசியிலயே காத்து பிடிக்க ஆரம்பிச்சிரும், செப்டம்பர் வரைக்கும் அடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை தெக்க வந்து முடியுற எடத்துல மலைக்கு நடுவுல ஒரு சந்து, அந்த சந்து வழியா காத்து அமுங்கி பிச்சிக்கிட்டு வருது, அதனாலதான் இங்க இத்தனை காத்தாடி. வருஷம் முழுக்க வர்ற கரண்ட்ல பெரும்பங்கு இந்த நாலஞ்சு மாசத்துலதான். அதனால பெரிய மெயின்டனன்ஸ் எல்லாத்தையும் ஏப்ரலுக்குள்ள முடிச்சிட்டு மெஷின தயாரா வச்சிருப்பாங்க, சீசன் ஆரம்பிச்சப்புறம் ஒரு மெஷின் நின்னா மேனேஜர் போன் நிக்காது. நீங்க வந்து இறங்குறது சரியா அந்த நேரத்துல. டெக்னீஷியன் அண்ணன்மாருக்கு உங்களுக்கு நின்னு சொல்லித்தர நேரமே கிட்டாது, அதான் சொல்ல வேண்டிய எல்லாத்தையும் முதல் வாரத்துல மொத்தமா கொட்டிருவாங்க. யாரும் வேணும்னு உங்கள பிழிஞ்செடுக்கல கேட்டீங்களா.

வர்றதுக்கு முன்னாடி

பேப்பர் வேலை: காலேஜ் போனஃபைடு லெட்டர், ஐடி கார்டு, ஆதார் காப்பி, போட்டோ, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ரெண்டு. ஒண்ணு ஆக்சிடென்ட் இன்சூரன்ஸ், நிறைய காலேஜ்ல ஸ்டூடன்ட்ஸுக்கு குரூப் பாலிசி ஒண்ணு எடுத்து வச்சிருப்பாங்க, பிள்ளைகளுக்கே தெரியாது, ஆபீஸ்ல கேட்டு காப்பி வாங்கிக்கோங்க. இன்னொன்னு மெடிக்கல் பிட்னஸ். உயரத்துல வேலை செய்யுற எடம்ங்கிறதால பிபி, சுகர், பிட்ஸ் வந்திருக்கா, தலை சுத்தல் உண்டா, மூச்சுத்திணறல் உண்டான்னு எல்லாம் கேப்பாங்க. இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. சொன்னா இன்டர்ன்ஷிப் போயிரும்னு பயந்து மறைக்கிற பிள்ளைகள் இருக்கு, போகாது, கண்ட்ரோல் ரூம்ல, டேட்டா பக்கத்துல போடுவாங்க, அதுலயும் கத்துக்க நிறைய இருக்கு. மறைச்சிட்டு ஏணில பாதியில தலை சுத்துனா அது உங்க பிரச்சனை மட்டும் இல்ல, உங்கள இறக்குற ரெண்டு பேரோட உயிரும் சேந்துதான்.

ஷூ. இத நான் கொஞ்சம் அழுத்தி சொல்றேன். ஹெல்மெட்டும் ஹார்னஸும் (மேல ஏறும்போது உடம்புல மாட்டுற பாதுகாப்பு பட்டை) கம்பெனில தருவாங்க, சேஃப்டி ஷூ பல எடத்துல நீங்கதான் வாங்கணும். முதல் நாள் காலைல புது ஷூவ போட்டுட்டு வந்து மத்தியானத்துக்குள்ள குதிகால் பொத்துப்போய் நொண்டிக்கிட்டு நிக்கிற பிள்ளை ஒண்ணாவது ஒவ்வொரு பேட்ச்லயும் உண்டு. சாயங்காலம் போய் வாங்குங்க, நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த நேரத்துல சரியா இருந்தா எப்பவும் சரியா இருக்கும். வாங்கி வீட்லயே நாலஞ்சு நாள் காட்டன் சாக்ஸோட போட்டு நடங்க, அம்மா திட்டுவாங்க, பரவால்ல.

டிரஸ் முழுக்கை காட்டன். மோதிரம், செயின், காப்பு, உலோகம் எதுவா இருந்தாலும் வீட்ல கழட்டி வச்சிட்டு வாங்க, கரண்ட் இருக்கிற எடம் இது. பெண் பிள்ளைகள் துப்பட்டா இல்லாம, முடிய நல்லா உள்ள தள்ளி கட்டிட்டு வந்தா போதும். இன்னொன்னும் சொல்லிடுறேன், யாரும் சொல்ல மாட்டாங்க: சைட்ல பாத்ரூம் வசதி எப்படின்னு சேர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணி கேளுங்க. டிரெயினிங் ஹால்ல இருக்கும், சப் ஸ்டேஷன்ல இருக்கும், ஆனா ஃபீல்டுல ஒவ்வொரு மெஷின் அடியிலயும் இருக்காது. இத கேக்குறதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, நீங்க கேட்டாதான் அவங்க வண்டிக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. இதுக்கு பயந்து தண்ணி குடிக்காம இருக்கிற பிள்ளைகள பாத்திருக்கேன், அத மட்டும் செய்யாதீங்க. இங்க காத்து அடிக்கிறதால வேர்வை அப்பப்ப காஞ்சு போயிரும், வேர்க்கவே இல்லன்னு நினைப்பீங்க, சாயங்காலம் பாத்தா தலைவலி மண்டைய பிளக்கும். ரெண்டு லிட்டர் பாட்டில் கண்டிப்பா.

பஸ் பத்தி ஒரு வார்த்தை. வடசேரில இருந்து திருநெல்வேலி போற பஸ் ஆரல்வாய்மொழி வழியாதான் போகும், ஆனா எண்ட் டு எண்ட் பஸ்ல ஏறிட்டீங்கன்னா நிறுத்த மாட்டான், கண்டக்டர்கிட்ட கேட்டுட்டு ஏறுங்க. ஜங்ஷன்ல இருந்து கம்பெனி ஜீப் கூட்டிட்டுப் போகும். ஜீப் யாருக்காகவும் நிக்காது, முதல் நாள் லேட்டா வந்தா அந்த பேரு கடைசி வரைக்கும் ஒட்டிக்கும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்னாடி டிரைவர் அண்ணன் ஒரு செகண்ட் வண்டிய பைய விட்டு கும்பிட்டுட்டுப் போவாரு, அப்ப மட்டும் சீக்கிரம் போங்கண்ணேன்னு சொல்லிராதீங்க.

காலைல சாப்பிடாம வராதீங்க. மத்தியான சாப்பாடு கட்டிட்டு வாங்க, ஆனா ஃபீல்டுல வச்சு திறக்கும்போது காத்துக்கு முதுக காட்டி உக்காந்து திறங்க, இல்லன்னா சோத்துல பாதி மண்ணுதான் இருக்கும். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, எங்க சைட்ல ஆனியிலயே பறக்கும்.

இண்டக்ஷன்

முதல் நாள் பெரும்பாலும் ஹெச்ஆர், கையெழுத்து, கம்பெனி வரலாறு, ஏசி ரூம், தூக்கம். வேகமா தாண்டிரலாம், ஆனா கையெழுத்து போடுற பேப்பர மட்டும் படிங்க. அதுல ஒண்ணு ரகசியம் காக்குற ஒப்பந்தமா இருக்கும், மெஷின் டேட்டா, கண்ட்ரோல் பேனல் போட்டோ எதையும் வெளிய போடக்கூடாதுன்னு இருக்கும். அத போட்டுட்டு மறுநாளே பேனல் முன்னாடி நின்னு ரீல்ஸ் எடுக்குறது, அப்புறம் ஹெச்ஆர் கூப்பிட்டு டிலீட் பண்ண சொல்றது, இதெல்லாம் தேவையா? ஒவ்வொரு போட்டோவுக்கும் கேட்டு எடுங்க. மத்தபடி அன்னைக்கே தெரிஞ்சுக்க வேண்டியது: ஏதாவது ஆச்சுன்னா எல்லாரும் கூடுற எடம் எது, சைட் இன்சார்ஜ் நம்பர் என்ன, நீங்க யாரோட டீம்.

அப்புறம் தியரி வகுப்பு. காலேஜ்ல படிச்சதுதான், ஆனா இங்க கேக்கும்போது வேற மாதிரி ஒட்டும். காத்து வேகம் ரெண்டு மடங்கு ஆனா அதுல இருக்கிற பவர் எட்டு மடங்கு, ஏன்னா வேகத்தோட மூணாவது அடுக்குல (கியூப்) ஏறும். அஞ்சு மீட்டர் பர் செகண்ட்ல தூங்குற மெஷின் பத்துல பேயாட்டம் ஆடுறது அதனாலதான், சீசன்ல ஒரு மணி நேரம் நின்னா மேனேஜர் அலறுறதும் அதனாலதான். பெட்ஸ் லிமிட் 59.3 சதவீதம், அதுக்கு மேல காத்துல இருந்து உருவ முடியாது, இது வைவால கண்டிப்பா வரும். கட்-இன் வேகம் (மெஷின் கரண்ட் தர ஆரம்பிக்கிற காத்து வேகம்) சுமாரா 3, 4 மீட்டர் பர் செகண்ட், கட்-அவுட் (காத்து அதிகமாகி மெஷின் தானா நிக்கிற வேகம்) பெரும்பாலும் 20ல இருந்து 25, மெஷினுக்கு மெஷின் மாறும், உங்க சைட் மெஷினோட நம்பர கேட்டு எழுதிக்கோங்க, கூகுள்ல பாத்தத சொன்னா சார் சிரிப்பாரு.

இதுக்கு மேல ஒரு வேலை செய்யுங்க. ஒரு நோட்டோட கடைசி பக்கத்துல சைட் பாஷைய எழுத ஆரம்பிங்க. அங்க யாரும் விண்ட் டர்பைன்னு சொல்ல மாட்டாங்க, மெஷின்னு சொல்லுவாங்க, ஊர்க்காரங்க காத்தாடின்னு சொல்லுவாங்க. லொகேஷன் நம்பர், பீடர் (மெஷின்ல இருந்து சப் ஸ்டேஷனுக்கு கரண்ட் போற லைன்), ட்ரிப் (மெஷின் கோளாறுல தானா நின்னுபோறது), ரீசெட், யா (தலைய காத்து பக்கம் திருப்புறது), பிட்ச் (பிளேடு கோணத்த மாத்துறது), நாசெல் (டவர் உச்சில இருக்கிற பெட்டி), எல்சி (லைன் கிளியர்), பேக்டவுன். பேக்டவுன்னா கிரிட் தாங்காதுன்னு லோடு டிஸ்பேட்ச் சென்டர்ல இருந்து குறைக்க சொல்றது, காத்து நல்லா அடிக்கும், மெஷினும் நல்லா இருக்கும், ஆனா நிறுத்தி வச்சிருப்பாங்க, பாக்க வயிறு எரியும். இந்த வார்த்தைகள் தெரியாம ரெண்டாவது நாள் உக்காந்தீங்கன்னா பாதி பேச்சு தலைக்கு மேல போயிரும். தெரியலன்னா அங்கயே கைய தூக்கி கேளுங்க. முதல் வாரத்துல எது கேட்டாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, மூணாவது வாரம் வந்து எல்சின்னா என்னன்னு கேட்டாதான் பாப்பாங்க.

ஹார்னஸ் நாள்

எல்லாரும் காத்துக்கிட்டிருக்கிற நாள் இதாக்கும். இதுல கொஞ்சம் நேரம் எடுத்து எழுதுறேன், ஏன்னா இங்கதான் பிள்ளைகள் அவசரப்படுறது.

ஹார்னஸ கைல வாங்குன உடனே மாட்டாதீங்க. முதுகு பக்கத்து டி-ரிங்க, அதான் D வடிவ உலோக வளையத்த, பிடிச்சு தூக்கி ஒரு உதறு உதறுங்க, பட்டைகள் தானா பிரிஞ்சு தொங்கும், முறுக்கு இருந்தா தெரியும். அப்புறம் பட்டை முழுக்க விரல ஓட்டி பாருங்க, வெட்டு, கருகல், நூல் பிரிஞ்சது, பெயின்ட், ஆயில் கறை. தையல் எடத்த தனியா பாருங்க. பக்கிள், டி-ரிங் வளைஞ்சிருக்கா, துரு பிடிச்சிருக்கா. கடைசியா லேபிள்: எப்ப செஞ்சது, கடைசியா எப்ப செக் பண்ணுனது, எத்தனை கிலோ வரைக்கும் தாங்கும். லேபிள் கிழிஞ்சு படிக்க முடியலன்னா அந்த ஹார்னஸ் வேண்டாம், வேற கேளுங்க. கேக்க சங்கடமா இருக்கும், எல்லாரும் மாட்டிட்டு நிப்பாங்க, நீங்க மட்டும் பின்னாடி நிப்பீங்க, நின்னுட்டுப் போங்க.

மாட்டும்போது சட்டை போடுற மாதிரி தோள்ல போட்டு, கால் பட்டை ரெண்டும் குறுக்க மாறாம பாத்து மாட்டணும். இறுக்கம் எவ்வளவுன்னா, தொடைக்கும் பட்டைக்கும் நடுவுல விரிச்ச கை நுழையணும், மடக்குன முஷ்டி நுழையக்கூடாது. நெஞ்சுப் பட்டை நெஞ்சு நடுவுல, கழுத்துப் பக்கம் ஏறிப் போகக்கூடாது. மிச்சம் தொங்குற நுனிய எல்லாம் உள்ள சொருகுங்க. பாக்கெட்ல போன், சாவி, சில்லறை எதுவும் இருக்கக்கூடாது, 80 மீட்டர்ல இருந்து விழுற பைக் சாவி கீழ நிக்கிறவன் மேல விழுந்தா அது சாவியா இருக்காது. அப்புறம் பக்கத்துல இருக்கிறவன விட்டு உங்க முதுகுப் பக்கத்த செக் பண்ண சொல்லுங்க, நீங்க அவனுத செக் பண்ணுங்க, முதுக யாராலயும் தானா பாக்க முடியாது.

லான்யார்டுல, அதான் ஹார்னஸ டவரோட இணைக்கிற கயித்துல, ரெண்டு கொக்கி இருக்கும். ஒண்ண கழட்டி அடுத்த எடத்துல மாட்டுற வரைக்கும் இன்னொன்னு மாட்டியே இருக்கணும், ஒரு செகண்ட் கூட ரெண்டும் கழண்டு இருக்கக்கூடாது. கொக்கிய எப்பவும் தலைக்கு மேல மாட்டுங்க. ஏன்னு கேட்டா, விழும்போது லான்யார்டு நீளம் ரெண்டு மீட்டர் போகும், ஷாக் அப்சார்பர் (அதிர்ச்சிய தாங்க மடிச்சு தச்ச பட்டை) கிழிஞ்சு நீள்றது ஒன்றே முக்கால் மீட்டர் வரைக்கும் போகும், அப்புறம் உங்க உடம்பு நீளம், கொஞ்சம் பாதுகாப்பு இடைவெளி, எல்லாம் சேந்து கொக்கி மாட்டுன எடத்துக்கு கீழ ஆறு மீட்டருக்கும் அதிகமா வெத்திடம் வேணும். கால் கிட்ட மாட்டிட்டு விழுந்தா விழுற தூரம் இன்னும் அதிகம். அதாவது தரைல இருந்து நாலு மீட்டர்ல நின்னுக்கிட்டு கால் கிட்ட அந்த லான்யார்ட மாட்டியிருக்கேன்னு தைரியமா இருக்கிறது வெறும் மனசு ஆறுதல், விழுந்தா அது விரிஞ்சு முடியுறதுக்கு முன்னாடி தரை வந்துரும். இந்த கணக்க ட்ரெயினர் போர்டுல போடும்போது எல்லாரும் தலையாட்டுவாங்க, நீங்க உங்க நோட்டுல உங்க உயரத்த போட்டு ஒரு தடவை சொந்தமா போட்டுப் பாருங்க.

டவருக்குள்ள ஏணில ஒரு ரயிலோ கம்பியோ இருக்கும், அதுல ஓடுற ஃபால் அரெஸ்டர, அதான் விழுந்தா டக்குனு பிடிச்சு நிறுத்துற கருவிய, நெஞ்சுப் பக்கத்து டி-ரிங்ல மாட்டணும். அதுல அம்புக்குறி இருக்கும், மேல பாத்து இருக்கணும், தலைகீழா மாட்டுனா பிடிக்காது. மாட்டிட்டு கீழயே நின்னு கீழ் பக்கமா ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பாருங்க, டக்குனு பிடிச்சா சரி. பிளாட்பார்ம் வந்ததும் லான்யார்ட முதல்ல மாட்டிட்டு அப்புறமா அரெஸ்டர கழட்டுங்க, வரிசை மாறக்கூடாது. ரெண்டு பிளாட்பார்முக்கு நடுவுல ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும், ஏறி முடிச்சதும் கதவ மூடிட்டு கீழ உள்ளவருக்கு சத்தம் குடுக்கணும்.

ஏறுறது கால் வேலை, கை வேலை இல்ல. பிள்ளைகள் கையால இழுத்து இழுத்து ஏறி முதல் பிளாட்பார்ம்லயே முழங்கை நடுங்கி நிப்பாங்க. கை சும்மா பிடிக்கத்தான், தொடைதான் தூக்கணும். மூச்சு வாங்குனா நில்லுங்க. முப்பந்தல்ல பழைய காலத்து சின்ன மெஷின் நிறைய லாட்டிஸ் டவர், அதான் பெரிய ஹைடென்ஷன் கரண்ட் டவர் மாதிரி திறந்த டவர், அதுல ஏணி வெளிய இருக்கும், காத்து நேரா மேல அடிக்கும். பெரிய புது மெஷின்ல குழாய் டவர், உள்ளுக்குள்ள ஏறலாம், சிலதுல சர்வீஸ் லிஃப்டே இருக்கு. காத்து ஒரு அளவுக்கு மேல போனா மேல ஏறவே கூடாது, அந்த அளவு உங்க மெஷின் மேனுவல்ல இருக்கும்.

அப்புறம் பலருக்கும் தெரியாத ஒண்ணு. விழுந்து ஹார்னஸ்ல தொங்கிட்டா தப்பிச்சாச்சுன்னு நினைக்கிறோம்ல, இல்ல. கால் பட்டை அமுக்கி, ரத்தம் கால்லயே தங்கி, அசையாம தொங்குனா கொஞ்ச நிமிஷத்துலயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதனால தொங்குறவன் கால ஆட்டிக்கிட்டே இருக்கணும், ஹார்னஸ்ல கால் வச்சு நிக்கிற பட்டை இருந்தா அத எடுத்து மிதிச்சு நிக்கணும், மத்தவங்க சீக்கிரம் இறக்கணும். ரெஸ்க்யூ கிட் எங்க இருக்கு, யாருக்கு அத ஓட்டத் தெரியும்னு தெரியாம யாரும் ஏறக்கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

பயம் வந்தா? வரும். எங்க ட்ரெயினர் அண்ணன் ஒருத்தர் முதல் கேள்வியே "யாருக்கு பயமா இருக்கு மக்கா?"ன்னு கேப்பாரு, கை தூக்காதவன கடைசியாதான் ஏத்துவாரு. பிராக்டிஸ் ஸ்ட்ரக்சர்ல பாதில கை கால் உதறுதுன்னா அண்ணே இறங்குறேன்னு சொல்லிட்டு இறங்குங்க, யாரும் கேலி பண்ண மாட்டாங்க, பண்ணுனா அவன் அந்த வேலைக்கு லாயக்கில்ல. இன்னொன்னும் நேரா சொல்லிடுறேன், நிறைய கம்பெனில இன்டர்ன நிஜ மெஷின் மேல ஏத்தவே மாட்டாங்க, இன்சூரன்ஸ் பிரச்சனை. கெஞ்சாதீங்க. தெரியாம ஏத்தி விட்டுருங்க அண்ணேன்னு டெக்னீஷியன தனியா நச்சரிக்கிறது ரொம்ப தப்பு, மாட்டுனா அவரு வேலை போகும், உங்களுக்கு ஒரு லெட்டர்தான் வரும்.

பூட்டு, எல்சி, கரண்ட்

இந்த வகுப்பு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவாங்க, ஏன்னே தெரியல, முழு பேட்சும் தூங்கும். ஆனா காத்தாடில உயரத்துக்கு சமமா ஆள அடிக்கிறது கரண்ட்தான்.

விஷயம் இதான். வேலை செய்யுற எடத்துக்கு கரண்ட் வர்ற எல்லா வழியையும் நிறுத்தி, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பூட்ட போட்டு, பேரு எழுதுன டேக் மாட்டி, சாவிய சொந்த பொறுப்புல வச்சுக்கணும். மூணு பேரு வேலை செஞ்சா மூணு பூட்டு. சாவிய யாருகிட்டயும் குடுக்கக்கூடாது, சூப்பர்வைசர் கேட்டாலும். பூட்டுனா முடிஞ்சிராது, கரண்ட் இல்லன்னு டெஸ்டர் வச்சு பாக்கணும், டெஸ்டர் வேலை செய்யுதான்னு கரண்ட் இருக்கிற எடத்துல முன்னாடியும் பின்னாடியும் பாக்கணும். கன்வெர்ட்டர்ல கெப்பாசிட்டர் இருக்கும், நிறுத்துனப்புறமும் சார்ஜ் நிக்கும், பேனல்ல எழுதியிருக்கிற நிமிஷம் வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் காத்து இருக்குல்ல, அதுக்கு பூட்டு போட முடியாது, பிளேடு சுத்துனா ஷாஃப்ட் சுத்தும், அதனால உள்ள வேலைன்னா ரோட்டர் லாக் போடணும்.

லைன்ல வேலைன்னா எல்சி, லைன் கிளியர். சப் ஸ்டேஷன்ல எழுதி வாங்கி எழுதியே திருப்பிக் குடுக்கணும். நிறுத்திட்டேன் போன்னு போன்ல சொன்னத நம்பி கை வச்சு போனவங்க கதைய ஒவ்வொரு லைன்மேனும் சொல்லுவாரு, கேட்டுக்கோங்க. திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி ஆள எண்ணணும், இன்டர்னையும் சேத்து. நீங்க சாயா குடிக்க சொல்லாம போயிட்டீங்கன்னா அங்க ஒரு தலை குறையும், மொத்த வேலையும் நிக்கும், திட்டு எனக்கு விழும். எங்க போனாலும் சொல்லிட்டுப் போங்க.

இன்டர்ன் எதையும் தொடக்கூடாது. ஆனா அவங்க பூட்டு போடுற வரிசைய பாத்து எழுதுங்க, ஒரு ஸ்டெப்ப தாவிட்டாங்கன்னு தோணுச்சுன்னா "அண்ணே டெஸ்டர் வச்சு பாத்தாச்சா?"ன்னு கேளுங்க. 20 வருஷம் சர்வீஸ் உள்ளவருகிட்ட 20 வயசு பிள்ளை கேக்குறதான்னு தோணும். நல்ல டெக்னீஷியன் கோவிக்க மாட்டாரு, ஆமா மக்கான்னு சொல்லிட்டு இன்னொரு தடவை பாப்பாரு. இந்த ஒரு கேள்விய கேக்கத் தெரிஞ்சவன நான் ஃபீல்டுக்கு அனுப்புவேன், மார்க் எவ்வளவுன்னு அப்புறம்தான் பாப்பேன்.

முதலுதவியும் பாம்பும்

சிபிஆர் பொம்மைல செய்ய வைப்பாங்க, சிரிச்சுக்கிட்டே செய்யாதீங்க. நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 அமுக்கு, ஆழம் 5ல இருந்து 6 சென்டிமீட்டர், 30 அமுக்குக்கு 2 மூச்சு. ரெண்டு நிமிஷம் செஞ்சாலே தோள் கழண்டுரும், அதனாலதான் ஆள் மாத்தி செய்ய சொல்றது. 108க்கு போன் பண்ணும்போது மெஷின் லொகேஷன் நம்பர சொன்னா டிரைவருக்கு புரியாது, பக்கத்து ஊர், கோயில், ரோட்ட சொல்லி, ஜங்ஷன்ல ஒரு ஆள நிறுத்தி கூட்டிட்டு வரணும். தீக்கு, கரண்ட் பேனல்ல தண்ணி கூடாது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்தான், அத எப்படி பிடிக்கிறதுன்னு அவங்களே காட்டுவாங்க.

பாம்பு பத்தி சில ட்ரெயினிங்ல சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். மெஷின் அடியில முள்ளுக்காடு, கல்லு, கேபிள் டிரெஞ்ச், டிரான்ஸ்பார்மர் யார்டு, எல்லாம் அதுக்குப் பிடிச்ச எடம். டிரெஞ்ச் மூடிய கையால தூக்காதீங்க, டவர் கதவ திறந்ததும் டார்ச் அடிச்சு கீழ பாத்துட்டு கால வைங்க. கடிச்சிருச்சுன்னா கயிறு போட்டு இறுக்கக்கூடாது, கீறக்கூடாது, வாய் வச்சு உறிஞ்சக்கூடாது, கடிச்ச கைய கால அசைக்காம வச்சு நேரா ஆஸ்பத்திரி, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கு. வைத்தியர்கிட்ட முதல்ல காட்டலாம்னு ஊர்ல யாராவது சொன்னா கேக்காதீங்க. பாம்ப அடிச்சு தூக்கிட்டும் வர வேண்டாம்.

சாயங்காலம்

அஞ்சு மணிக்கு விட்டதும் உடம்பு பஞ்சராகியிருக்கும். ஜங்ஷன்ல ஒரு சாயா, ரெண்டு ரசவடை, அப்புறம் பஸ். அந்த பஸ்லயே லாக் புக்க முடிச்சிருங்க. காலேஜ்ல கேக்குற லாக் புக்க ஞாயித்துக்கிழமை மொத்தமா எழுதலாம்னு விட்டீங்கன்னா எது எந்த நாள்னு குழம்பி, நண்பன் எழுதுனத பாத்து எழுதி, ரெண்டு பேருக்கும் ஒரே வரி வந்து மாட்டுவீங்க. இன்னைக்கு என்ன பாத்தேன், எது புரியல, நாளைக்கு யாருகிட்ட கேக்கணும், அவ்வளவுதான். போன்ல வாய்ஸ் ரெக்கார்டு பண்ணி வச்சா கூட போதும், தூங்கி வழிஞ்சு வடசேரி வந்து கண்டக்டர் எழுப்புற வரைக்கும் கிடக்காதீங்க.

ஒரு படத்த மட்டும் அந்த வாரத்துக்குள்ள பாக்காம வரைய பழகுங்க: பிளேடு, ஹப், மெயின் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், 33 கேவி லைன், சப் ஸ்டேஷன், 110 கேவி. பெரிய மெஷின்ல ரோட்டர் நிமிஷத்துக்கு சுமாரா 15 சுத்து சுத்தும், ஜெனரேட்டருக்கு வேணும்ங்கிறது 1500 கிட்ட, நடுவுல கியர்பாக்ஸ் நூறு மடங்கு தூக்குது. ஜெனரேட்டர்ல பெரும்பாலும் 690 வோல்ட், அத டிரான்ஸ்பார்மர் ஏத்தி விடுது. கியர்பாக்ஸே இல்லாத மெஷினும் உண்டு, உங்க சைட்ல எதுன்னு பாருங்க. இந்த ஒரு படம் தெரிஞ்சா எந்த எரர் வந்தாலும் அது எந்த எடத்துல நிக்குதுன்னு சொல்லிரலாம்.

ஸ்காடா ரூம்

வாரக் கடைசில ஸ்காடா ரூம்ல, அதான் எல்லா மெஷினையும் கம்ப்யூட்டர்ல கண்காணிக்கிற கண்ட்ரோல் ரூம்ல, உக்கார வைப்பாங்க. ஏசி, பெரிய ஸ்கிரீன், பச்சை சிவப்பு பொட்டு. போரடிக்கும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வேலை தர்றேன். பத்து நிமிஷ சராசரி டேட்டா கிட்டும், அனுமதி கேட்டு ஒரு மெஷினோட ஒரு நாள் டேட்டாவ எடுத்து எக்செல்ல காத்து வேகம் ஒரு பக்கம், பவர் ஒரு பக்கம்னு புள்ளி வைங்க. அழகா ஒரு எஸ் மாதிரி வளைவு வரும், அதுல இருந்து கீழ விலகி நிக்கிற புள்ளி எல்லாம் ஒவ்வொரு கதை. காத்து 10 இருக்கு, பவர் பூஜ்யம்னா ட்ரிப்பா, பேக்டவுனா, கிரிட் இல்லையா? மொத்த வளைவே கொஞ்சம் கீழ இறங்கியிருந்தா முகம் காத்துக்கு நேரா இல்லையா, பிளேடு அழுக்கா, இல்ல காத்து அளக்குற கருவியே பொய் சொல்லுதா? பக்கத்துல இருக்கிற ஆபரேட்டர்கிட்ட கேளுங்க, அவருக்கு ஒவ்வொரு மெஷினோட குணமும் மனப்பாடம்.

கணக்கும் போட்டுப் பழகுங்க. 2 மெகாவாட் மெஷின் 24 மணி நேரமும் முழு பவர்ல ஓடுனா 48,000 யூனிட். அன்னைக்கு 24,000 வந்திருந்தா பிஎல்எஃப் (முழு பவர்ல ஓடுனா வர்றதுல எத்தனை சதவீதம் வந்துச்சுங்கிற கணக்கு) 50 சதவீதம். சீசன்ல இத பாத்துட்டு வருஷம் முழுக்க இப்படித்தான்னு ரிப்போர்ட்ல எழுதிராதீங்க, ஜனவரில வந்து பாத்தா பாதி மெஷின் சும்மா நிக்கும்.

ப்ராஜெக்ட் டாப்பிக் இங்கயே கிட்டிரும். எனக்குப் பிடிச்சது ரீபவரிங். முப்பந்தல்ல முதல்ல வந்த மெஷின் பலது 225, 250 கிலோவாட் மாதிரி சின்னது, முதல்ல வந்ததால காத்து நல்லா வர்ற எடத்த எல்லாம் அதுங்கதான் பிடிச்சு வச்சிருக்கு. அத எடுத்துட்டு பெருசு வச்சா என்ன ஆகும், நடுவுல எவ்வளவு இடைவெளி விடணும், லைன் தாங்குமா, நிலம் யாரு பேர்ல இருக்கு, இதெல்லாம் நல்ல கேள்வி. தமிழ்நாடு அரசு 2024ல இதுக்குன்னே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கு, அத இறக்கி படிங்க. அத விட்டுட்டு காற்றாலை ஓர் அறிமுகம்னு நாப்பது பக்கம் எழுதிட்டு வர்றவங்கள என்ன சொல்ல.

சனிக்கிழமை ஒரு டெஸ்ட் இருக்கும், எழுத்து கொஞ்சம், வாய்ல கேள்வி கொஞ்சம், ஹார்னஸ் மாட்டிக் காட்டுறது ஒண்ணு. தெரியாததுக்கு தெரியல சார்னு சொல்லுங்க, உருட்டாதீங்க, அந்த ரூம்ல இருக்கிற எல்லாரும் உருட்டுறத ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவாங்க. பெயிலானா மறுபடி வைப்பாங்க, அதோட போச்சு. டெஸ்ட் முடிஞ்சு கிளம்புறதுக்கு முன்னாடி ஹெச்ஆர் மேடம்கிட்ட போய் சர்டிபிகேட்ல காலேஜ் பேரு, ரெஜிஸ்டர் நம்பர், தேதி எப்படி வரணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க. கடைசி நாள்ல ஸ்பெல்லிங் மாறி வந்து, சீசன் நேரத்துல மேனேஜர் கையெழுத்துக்காக ஆரல்வாய்மொழிக்கும் வீட்டுக்கும் அலையுற பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு.